‘எதுக்கும்’ அண்ணன் பேங்குக்குள் போன நாள்

ஓசூரில் யானைக்கே பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘எதுக்கும்’ அண்ணன் அளவுக்கு எல்லாவற்றுக்கும் பயப்பட்ட இன்னொருவரைப் பார்த்ததில்லை. தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பேங்கை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். யார் எதை நீட்டினாலும், "எதுக்கும் ரெண்டு காப்பி எடுத்துக்க சாமி" என்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம்.

கடைச் சாவியையே ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார், தொலைந்தால் அடையாளம் சொல்ல. சானமாவுக் காட்டில் யானை என்று செய்தி வந்தால் இங்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். யானை குனிந்து வராதாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், பேங்க் வாசல் செக்யூரிட்டியின் துப்பாக்கி. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் பேங்குக்குள் கால் வைத்ததில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை வந்த முதல் ஆள் நான். கல்விக் கடனுக்காக அப்பா ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அன்று மாலைக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் சீட்டு போய்விடும். போட்டால் என்ன ஆகுமோ என்றும் எனக்குப் பயம். அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். காரணம் ஒரே வார்த்தை: மானியம். எங்கள் நிலத்துக்குச் சொட்டுநீர்ப் பைப்பு மானியத்தில்தான் வந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜெராக்ஸ் கடையில் அப்பாவே பேச்சை ஆரம்பித்தார். "மானியந்தானுங்களே, கட்ட வேண்டியதில்லையே?"

‘எதுக்கும்’ அண்ணன் மெஷினை நிறுத்தினார். "ஏங்கண்ணா, மானியம் வட்டிக்குத்தான். பையன் படிச்சு முடிச்சு ஒரு வருசம் வரைக்கும் ஏறுற வட்டிய கவர்மென்ட் கட்டும். அசலு நாமதான் கட்டணும். எதுக்கும் வருமானச் சர்டிபிகேட்ட சேத்தாங்களான்னு பாருங்க, அது இல்லன்னா வட்டியும் நம்ம தலையிலதான்."

அப்பா முகம் வெளிறிவிட்டது. பேங்க்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான், ஊரே பார்க்கும் என்று முனகினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேணாண்டா, ஊருக்குப் போலாம் வா" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார்.

தன் வாயால் ஒரு சீட்டு போகிறதே என்று ‘எதுக்கும்’ அண்ணன் பதறிப்போனார். பின்னாலேயே ஓடி வந்து, "அண்ணா, பைப்புக்குத்தான மானியம் குடுத்தாங்க? தண்ணி நீங்கதான விட்டீங்க? வெளையலயா?" என்றார்.

அப்பா நின்றார். "பயமா இருக்குதுப்பா."

"எனக்குந்தாங்கண்ணா. வாங்க, ரெண்டு பேருமே போலாம்."

ஷட்டரை முழுதாக இறக்கினார். துப்பாக்கியைக் கடக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயந்தால் மட்டும் வாயில் வரும் தெலுங்கில் "தேவுடா, தேவுடா" என்றார். அப்பாவின் கையை அவர் பிடித்திருந்தார். யார் யாரை உள்ளே இழுத்துப் போனார் என்று இன்றுவரை தெரியாது.

அசலை யார் கட்டுவது என்று மேனேஜர் கேட்டார். "பையன் கட்டுவானுங்க. முடியலன்னா நான் இருக்கேன்" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார் அப்பா. கண்ணைத் திறக்காமல் நின்ற ஆளைக் காட்டி, இவர் யார் என்றார் மேனேஜர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு கூட வந்தாருங்க."

இப்போது அதே பேட்டையில் எனக்கு வேலை. தவணைத் தேதி நெருங்கினால் இன்றும் பயம்தான். அன்றைக்கு அந்தக் கடைப் பக்கம் ஒரு நடை போவேன். ஜெராக்ஸ் எடுக்க ஒன்றும் இருக்காது. எதுக்கும் அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவேன்.