சீர் வந்த ஃப்ரிட்ஜும் வானத்து ஓட்டையும்

இந்தச் சித்திரைக்குள் வீட்டில் ஏ.சி. மாட்டாவிட்டால் என் பெயர் தவசி இல்லை. மாசிக் கடைசியில் இப்படி ஒரு சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுத்தால் அடுக்களையில் இருக்கும் மீனாவுக்குக் கேட்டுவிடும்.

வில்லாபுரத்தில் எங்களுடையது தளம் போட்ட வீடு. பகலெல்லாம் வெயில் தளத்தை வறுக்கும். சாயங்காலமானால் தளம் எங்களை வறுக்கும். ஃபேனைப் போட்டால் அந்த அனலை எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைக்கும். ஆபீசில் அரியர் பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு ஏ.சி.யைத் தவிர வேறு நினைப்பே இல்லை. தடை மீனாதான். போன வருஷமே கேட்டுப் பார்த்தேன். இருக்கிற ஃப்ரிட்ஜ் குடிக்கிற கரண்டு போதாதா, இதில் ஏ.சி. வேறா என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அந்த ஃப்ரிட்ஜ் எங்கள் கல்யாணத்துக்கு என் மாமனார் கொடுத்த சீர். ஓடும்போது உறுமும், நிற்கும்போது உதறும். ஒவ்வொரு கோடையிலும் அதன் கேஸ் கசிந்துபோகும். அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஆண்டிச்சாமி வந்து நிரப்பிவிட்டுப் போவார்.

இந்தத் தடவை வந்தவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பழைய கேஸ் இப்போது லேசில் கிடைப்பதில்லையாம். உலகம் பூராவும் நிறுத்திக்கொண்டு வருகிறார்களாம். கசிகிற கேஸ் மேலே போய், வெயிலின் கடுமையைத் தடுக்கிற ஓசோன் போர்வையில் ஓட்டை போடுகிறதாம். போதாக்குறைக்குப் பூமியையும் சூடாக்குகிறதாம்.

எனக்கு எதையும் கிண்டிப் பார்க்கிற புத்தி. வில்லாபுரத்து அடுக்களையில் கசிந்தது வானம் வரைக்கும் போகுமா? போகும், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும் என்றார். சரி, ஃப்ரிட்ஜுக்குள் வைத்த குழம்பின் சூடு எங்கே போகிறது? பின்னால் கையை வைத்துப் பாருங்கள் என்றார். வைத்தேன். சுட்டது. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் வேலையாம். அப்படியானால் இத்தனை வருஷமாகக் குழம்பின் சூட்டையெல்லாம் அது மீனாவின் முதுகில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஒரே ஆச்சரியமாகப் போய்விட்டது.

ஆச்சரியம் அடங்குவதற்குள் திட்டம் உதித்தது. ஃப்ரிட்ஜ் கரண்டு குடிப்பதால்தானே ஏ.சி. வேண்டாம் என்கிறாள்? ஃப்ரிட்ஜே இல்லையென்றால் என்ன செய்வாள்? ஆண்டிச்சாமியை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

“மீனா, நாம பெரிய பாவம் பண்ணிக்கிட்டு இருக்கோம்.”

“நாமளா, நீங்களா?”

“நம்ம ஃப்ரிட்ஜு வானத்துல ஓட்டை போடுது.”

“எம்புட்டுப் பெரிய ஓட்டை மாமா?”

“ஒரு தேசத்தையே அதுக்குள்ள போட்டு எடுக்கலாமாம்.”

“நம்ம ஃப்ரிட்ஜு ஒண்ணேவா அம்புட்டையும் போட்டுச்சு?”

“ஊரு ஒலகத்து ஃப்ரிட்ஜெல்லாம் சேந்து போட்டது. நம்ம பங்கும் அதுல இருக்குல்ல? நாளைப்பின்ன பிள்ளைக வெயில்ல நடக்க வேணாமா?”

மீனா கரண்டியால் குழம்பை ஒரு கிளறு கிளறினாள். பிறகு சொன்னாள்: “அப்ப அது இந்த வீட்ல வேணாம் மாமா. ஆனா எங்கப்பா குடுத்த சீரு. எங்க அண்ணன் வந்து கேட்டா நீங்கதேன் பதில் சொல்லணும்.”

வானத்தைவிடச் சீர் பெரிசா என்று மார்தட்டினேன். இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டாளே என்று உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. வெற்றி பெறுகிற நேரத்தில் உறுத்தலையெல்லாம் யார் மதிப்பார்கள்?

ஆண்டிச்சாமி சிலிண்டரோடு வந்து, மிச்சமிருந்த கேஸை அதில் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜையும் ஏற்றிப் போனார். ஒரு மூச்சு கேஸ்கூட வெளியே போய்விடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். மறுநாள் தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த பெண்களிடம் வானத்து ஓட்டையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அப்படியே மலைத்துப்போய்விட்டார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு ‘ஓசோன் அண்ணே’ என்று பெயர். கேட்கக் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

வீட்டில்தான் பால் திரிந்தது. இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடியது. பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அரியர் கைக்கு வந்த அன்று, சட்டையைக்கூடக் கழற்றாமல் பேச்சை ஆரம்பித்தேன்.

“ஃப்ரிட்ஜு கரண்டுதான் மிச்சமாச்சே மீனா. ஒரு ஏ.சி. போட்ருவமா?”

“ஏ.சி.க்குள்ள என்னா மாமா இருக்கு?”

“குளிர்ச்சி.”

“கேஸுன்னுல்ல ஆண்டிச்சாமி அண்ணே சொன்னாரு. ஃப்ரிட்ஜுல இருக்கிறதைவிடக் கூடவாம்.”

“அது வேற கேஸு.”

“அதுவும் ஓட்டை போடுமாம். கொஞ்சம் சின்ன ஓட்டை.”

நான் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தேன். மீனா விடவில்லை.

“உள்ள இருக்கிற சூட்டை அது எங்குட்டுக் கொட்டும் மாமா?”

ஜன்னலைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் தங்கப்பொண்ணு வீட்டு அடுக்களை இருந்தது. மீனாவும் அங்கேதான் பார்த்தாள். “ஓசோன் அண்ணே வீட்டு அனலுன்னு அந்தக்கா தெருப்பூராம் சொல்லுமே மாமா,” என்றாள். அவள் குரலில் இருந்த வருத்தத்தைப் பார்த்தால் எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிடும் போலிருந்தது.

“அப்ப இந்த அனல்ல வெந்து சாகவா?” என்றேன்.

“வெயில்ல போறப்ப ஏன் வெள்ளைச் சட்டை போடுறீக?”

“வெள்ளை சூட்டைத் திருப்பி அனுப்பிரும். கறுப்புன்னா உள்ள வாங்கிக்கும்.” கேள்வி என்று வந்தால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

“நம்ம மாடித் தளம் கறுத்துப்போயில்ல கெடக்கு. அதுக்கும் ஒரு வெள்ளைச் சட்டை போட்டா என்ன?”

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் சுண்ணாம்பு வாளியோடு மொட்டை மாடியில் நின்றேன். அடித்தது நான். விட்ட இடத்தைக் காட்டியது மீனா. மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூரையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் கை வைக்க முடியாது. இப்போது உள்ளங்கையை முழுசாகப் பதித்து வைத்திருக்க முடிந்தது. கரண்டு இல்லாமல், கேஸ் இல்லாமல், வெறும் சுண்ணாம்பில் இப்படி ஒரு வித்தையா? இறங்கவே மனசில்லாமல் ஸ்டூல் மேலேயே நின்றேன். வீடு குளிர்ந்துவிட்டால் ஏ.சி.க்குக் காரணம் இல்லாமல் போய்விடுமே என்பது கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அப்படியும் நம்பிக்கையை விடவில்லை. அக்கினி நட்சத்திரம் வரட்டும், அப்போது சுண்ணாம்பின் வண்டவாளம் தெரியும் என்று அரியரைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதற்கு முன்னால் உசிலம்பட்டியிலிருந்து மீனாவின் அண்ணன் விருமாண்டி வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். மோர் புளித்திருந்தது. எழுந்து அடுக்களையை எட்டிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் பானை இருந்தது.

“எங்கப்பா குடுத்த சீரு எங்க மாப்ள?”

வானம், ஓட்டை, போர்வை என்று ஆரம்பித்தேன். தண்ணி லாரிக் கூட்டத்தில் எடுபட்ட பேச்சு மச்சானிடம் எடுபடவில்லை. “சீரை வெளிய தள்ளுனா எங்களையே வெளிய தள்ளுன மாதிரி,” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நான் மீனாவைப் பார்த்தேன்.

“நான் அப்பவே சொன்னேண்ணே, அவுகதேன் கேக்கல,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி ரொம்பக் கனிவாகச் சிரித்துவிட்டு, அண்ணனிடம் சொன்னாள்: “ஆனாலும் அவுகளைத் தப்பா நெனைக்காதீக. சீரு போன எடம் சும்மா கெடக்கக் கூடாதுன்னு, புது ஃப்ரிட்ஜு வாங்க அரியரை அப்படியே தொடாம வச்சிருக்காக.”

மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. என் தலை தானாக ஆடியது. அதை நிறுத்த எவ்வளவோ முயற்சி பண்ணினேன்.

அவர் பஸ் ஏறிய பிறகு மீனா மனம் திறந்தாள். அந்த ஓட்டைப் பெட்டியை எப்போதோ கழித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தாளாம். அப்பா கொடுத்த சீரைத் தானே எப்படித் தூக்கிப் போடுவது, பிறந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். நல்லவேளையாக நானே முன்வந்தேனாம். எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. கதவில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு ஸ்டிக்கர். எந்த நட்சத்திரம், அசுவினியா பரணியா என்று குத்தலாகக் கேட்டேன். நட்சத்திரம் கூடக் கூடக் கரண்டு கம்மியாக இழுக்குமாம். காதை வைத்துக் கேட்டேன், உறுமவே இல்லை. எதைக் குடித்துவிட்டு இப்படிச் சத்தமில்லாமல் குளிர்கிறது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் பக்கவாட்டில் இன்னொரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. இங்கிலீஷில் ‘சி.எப்.சி. ஃப்ரீ’ என்று போட்டிருந்தது. குக்கர் வாங்கினால் கரண்டி ஃப்ரீ, சேலை வாங்கினால் குடம் ஃப்ரீ என்று கொடுக்கிற ஊர் இது.

“மீனா, இங்க பாரு. இதை வாங்குனா ஏதோ ஒரு ‘சி’ ஃப்ரீயாம். ஒருவேளை ஏ.சி.யா இருக்குமோ?”

மீனா ஸ்டிக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அது பழைய கேஸோட பேரு மாமா. இதுல ஃப்ரீன்னா இனாம் இல்ல, ‘அது இங்க கெடையாது’ன்னு அர்த்தம்னு கடைக்காரரு சொன்னாரு. அப்படிப் பாத்தா நம்ம வீடு ஏ.சி. ஃப்ரீ.”