ஓட்டையில்லா அலுவலகம்

எல்லா அலுவலகங்களையும் போலவே அந்தச் சான்றிதழ் அலுவலகமும் கவுண்டரில் இருந்த ஓர் ஓட்டை வழியாகவே பொதுமக்களுக்குச் சேவை புரிந்துவந்தது. அன்றைக்கு ஓட்டைக்கு நேரே நின்றவன் நான். மகளைப் பள்ளியில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

உள்ளே தணிக்கைக்காகக் கம்ப்யூட்டரைக் கழற்றி, அதன் சூட்டைத் தணிக்கும் செப்புக் குழாயை அறுத்துப் போட்டிருந்தார்கள். தணிக்கை அதிகாரி பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

“என்னம்மா இது, உள்ளே பூரா ஓட்டை?”

“அது திரி சார்,” என்றார் கம்ப்யூட்டரைக் கழற்றிய இன்ஜினியரம்மா. “சூடான பக்கம் தண்ணி ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய் மறுபடி தண்ணியாகும். அதை இந்தப் பொடி ஓட்டைங்கதான் திரும்ப இழுத்துட்டு வரும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்குதே, அப்படி.”

“தண்ணி தன்னிஷ்டத்துக்குப் போயிட்டு வருமா? யார் உத்தரவு போட்டா? ஓட்டைப் பொருள் அலுவலகத்துல இருக்கக் கூடாதும்மா. அடைங்க!”

“அறுத்ததைக்கூட ஒட்டிடலாம், அடைச்சா கம்ப்யூட்டர் வெந்துடும் சார்!”

“வேகறது வேற டிபார்ட்மென்ட்.”

ஈயத்தைக் காய்ச்சி ஊற்றித் திரியை அடைத்தார்கள். கம்ப்யூட்டரை மாட்டி, என் மகள் பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதுதான் தாமதம், குப்பென்று புகை. என் வயிறு எரிந்தது. அதுவும் வேறு டிபார்ட்மென்ட்தான் போலிருக்கிறது.

விதி என்றால் பாரபட்சம் கூடாதல்லவா? அடுத்து டீ வடிகட்டியைப் பிடித்தார்கள்.

“ஐயையோ, டீ எப்படிய்யா இறங்கும்?” என்று அலறினார் பியூன்.

“இறங்கலைன்னா மனு கொடு.”

பிறகு ஜன்னல் வலை. பிறகு அதிகாரியின் சொந்த பெல்ட்! நேர்மையான மனுஷன், அதற்கப்புறம் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே உத்தரவு போட்டார். கடைசியில், யாரும் குறுக்கே வராதபடி கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவித் துவாரத்திலும் ஈயத்தை ஊற்றினார்கள்.

“இனிமே வெளியே எப்படி சார் போறது?” என்றார் இன்ஜினியரம்மா.

அதிகாரி முதன்முறையாக யோசித்தார். யோசித்தபடியே இந்தப் பக்கம் திரும்பினார். கவுண்டர் ஓட்டையில் என் கண் தெரிந்தது.

“சார், என் பொண்ணு சர்டிபிகேட்...” என்று நான் கத்தக் கத்த, பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தடதடவென்று கதவை இடித்தார்கள். “யாராவது திறங்கய்யா!” வரிசையில் ஒருவரும் அசையவில்லை. கவுண்டர் மூடியிருப்பது எங்களுக்கென்ன புதுசா? எனக்குப் பின்னால் வரிசை தெருமுனைவரை நீண்டுவிட்டது. பள்ளிக்கூட நேரமும் முடிந்துபோனது.

பின்னால் நின்றவர் மெதுவாகக் கேட்டார்: “அதான் மூடிட்டாங்களே, வீட்டுக்குப் போகலாமேண்ணே?”

“போறதா? முதல் ஆளா நிக்கிறேன்யா! போனா இந்த இடத்தை நாளைக்கு யார் தருவா? தள்ளி நில்லு, நடுவுல புகாதே!”