பொன்னுரங்கத்தின் வலது கை

“ட்ரேயன் ஸீ ஸிஷ் உம், பிட்டே” என்று சொல்லிக்கொண்டே குணசுந்தரி அவனைப் புரட்டிப் போட்டாள்.

பொன்னுரங்கம் தொண்ணூறு கிலோ. அவள் அதில் பாதி. ஆனால் முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து அவள் ஒரு தள்ளுத் தள்ளியதும், காற்றில் சிக்கின கட்டுமரம் மாதிரி அவன் சுவர்ப் பக்கமாகக் கவிழ்ந்தான்.

“இன்னாமே சொன்ன இப்போ?”

“திரும்பிப் படுங்க, தயவு செஞ்சுன்னேன்.”

“பதினாறு வருசத்துல தமிழ்ல ஒரு தபா தயவு செஞ்சுன்னு சொல்லிகிறியா?”

“தமிழ்ல நீ நோயாளி இல்லியே மாமா.”

தண்ணீர் கேனில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் இதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் சுவரைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டான். இந்தப் படுக்கையில் அவன் விழுந்து பதினெட்டு நாள் ஆகிறது. விழுந்து என்பது ஒரு பேச்சுக்கு. ஏறிப் படுத்து என்பதுதான் சரி.

நடந்தது இதுதான். குணசுந்தரி தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வருஷமாக வேலை முடிந்ததும் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் கிழவர்கள் நிறையவாம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். பொன்னுரங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு தையல் வகுப்புக்கும் போனாள், பியூட்டி பார்லர் வகுப்புக்கும் போனாள். ஒரு ரவிக்கையும் ஒரு புருவமும் ஆனதும் இரண்டும் நின்றுபோயின. இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக்கிடந்தன. படகு டிரைவரான பொன்னுரங்கமும் திருவொற்றியூர் குப்பத்து வீட்டில் கட்டிக்கிடந்தான். அப்போதுதான் அந்தப் போன் வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஸ்பீக்கரில் சொன்னார்: “முதல்ல நீங்க மட்டும் கெளம்புங்க மேடம். ஃபேமிலிய அப்புறம் பாத்துக்கலாம்.”

குணசுந்தரி, “சரி சார்” என்றாள்.

பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் என்கிற சொல்லை அவன் அறிவான். இன்ஜினை மாற்றித் தருகிறேன், அப்புறம் என்று படகு முதலாளி சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. ரோட்டை அகலப்படுத்துகிறோம், அப்புறம் என்றார்கள். கன்டெய்னர் லாரிகள் இன்னும் அதே வரிசையில் நிற்கின்றன. அப்புறம் என்றால் கிடையாது என்று அர்த்தம்.

என்னை விட்டுவிட்டுப் போகாதே என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். படகு டிரைவர் சொல்லக்கூடிய வசனமா அது? நேராகப் போய் சௌக்கத் அலியிடம் சொன்னான். சௌக்கத் அலி இன்ஜின் மெக்கானிக். இன்ஜின் தவிர மற்ற எல்லாவற்றையும் உடனே சரிசெய்துவிடுவான்.

“இதுக்கா பேஜாராயிட்ட மாமு? அவங்க தொழில் இன்னா?”

“நர்ஸு.”

“நோயாளிய வுட்டுட்டு எந்த நர்ஸாவது போவாளா?”

“இல்ல.”

“அப்ப நோயாளியாயிடு.”

மறுநாள் காசிமேட்டில், படகுக்குப் பெயின்ட் அடிக்கச் சார்த்தியிருந்த ஏணியிலிருந்து பொன்னுரங்கம் விழுந்தான். ஏணிக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ள, சௌக்கத் அலி, “ஐயோ, மாமு வுழுந்துட்டான்!” என்று கத்தினான். ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, சதை பிசகியிருக்கலாம், ஒரு வாரம் படுத்திருக்கட்டும் என்றார் டாக்டர். பொன்னுரங்கம் அந்த ஒரு வாரத்தை ரப்பர் மாதிரி இழுத்தான். இடுப்பு அசையவில்லை. வலது கை தூக்கவே வரவில்லை. விரலில் பிடிமானம் இல்லை.

குணசுந்தரி அழவில்லை, கத்தவில்லை. லீவு போட்டாள். வலது கையை ஒரு துணியில் தொட்டில் கட்டி அவன் கழுத்தில் மாட்டினாள். ஜெர்மன் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை. ஆரம்பித்தது.

காலை ஆறு மணிக்கு முகத்தில் வெந்நீர்த் துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டல். படுத்த ஆளைத் தூக்காமலே அவனுக்கடியில் விரிப்பு மாற்றும் வித்தையை ஒரே நாளில் நாலு தடவை செய்தாள். பல் தேய்த்துவிட்டாள். நகம் வெட்டினாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அவன் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இவ்வளவும் ஜெர்மனில்.

“எனுக்கு இன்னா தெரியும்? தமிழ்ல சொல்லு.”

“அங்க நோயாளி தமிழ்லயா பேசுவான்? எனுக்கு பிராக்டீஸ் வேணும். நீயும் அதுலயே பதில் சொல்லு.”

“சொல்லலேன்னா?”

சொல்லவில்லை என்றால் தண்ணீர் கிடையாது. முதல் நாள் மதியம்வரை தாக்குப்பிடித்தான். பிறகு “வாசர், பிட்டே” என்றான். தண்ணீர் வந்தது.

மீன் விஷயம் இன்னும் மோசம். படுத்த நோயாளிக்கு முள் ஆகாது என்று கஞ்சியாகக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் கானாங்கெளுத்தி வறுபடும் வாசனை ஜன்னலில் ஏறி வந்து அவன் மூக்கின்மேல் உட்காரும். ஐந்தாம் நாள் பொன்னுரங்கம் உடைந்தான்.

“இஷ் மொஷ்டெ... மீனு.”

“மீனு தமிழு.”

“ஃபிஷ். இஷ் மொஷ்டெ ஃபிஷ். பிட்டே. போதுமா? இன்னும் காலுல வுழணுமா?”

வந்தது. முள்ளெடுத்து, பிசைந்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் ஸ்பூனில். கடலில் இருபது வருஷம் இருந்தவன் கண்ணில் நீர் வந்தது. அதையும் அவள் துடைத்துவிட்டாள்.

தினமும் காலையில் கேள்விகள் வேறு. நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், என்ன வேலை.

“இஷ் ஹைஸெ பொன்னுரங்கம். இஷ் வோனெ இன் திருவொற்றியூர். இஷ் பின் ஃபிஷர்.”

“வயசு?”

அதையும் சொன்னான். இரண்டு வயது குறைத்துச் சொன்னான். அவள் ஜெர்மனில் திருத்தினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். அவனால் பொறுக்க முடியாதது அந்தக் கயிறு.

பிடித்து எழுந்து உட்கார வசதியாகக் கட்டில் காலில் ஒரு நைலான் கயிறு கட்டினாள். கட்டினாள் என்றா சொல்வது? இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகியிருந்தாள். ஒரு சின்ன அலைக்குத் தாங்காது. பொன்னுரங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. அவள் சமையற்கட்டுக்குப் போனதும் தொட்டிலிலிருந்து வலது கை தானாக வெளியே வந்தது. ஒரு வளையம், ஒரு இழுப்பு. முடிந்ததும் கை சமர்த்தாகத் தொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

திரும்பி வந்தவள் கயிற்றைப் பார்த்தாள். பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் துணி காயப்போடும் கொடியின் நுனியைக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். அதைவிடக் கேவலமான முடிச்சு. அதற்கு மறுநாள் அறுந்த வலைப்பையை அவன் தலைமாட்டில் மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். பிறகு கொசுவலை. கையகலத்துக்கு ஓட்டை விழுந்து இரண்டு வருஷமாகச் சுருட்டிக் கிடந்தது. தைத்துக் கொடு என்று அவள் கேட்டபோதெல்லாம், “படகு வலைய பாக்கவே நேரம் இல்ல, கொசுவுக்கு வலை பின்றதா?” என்று அவன் தட்டிக்கழித்தது அதைத்தான். இப்போது அது ஊசியும் நூலும் குத்தியபடியே அவன் பக்கத்தில் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் ஓட்டையைக் கண்ணி கண்ணியாகப் பின்னி மூடிவிட்டு, வலது கையை மடக்கி, முகத்தை வலியாக வைத்துக்கொண்டான்.

“கொசுவலைல ஓட்டையக் காணோமே?” என்றாள்.

“எலி தின்னிருக்கும்.”

“ஓட்டையவா?”

“வடசென்னை எலிமே. இன்னா வேணா துன்னும்.”

பதினோராம் நாள் ஒரு தாளை நீட்டினாள். “கைநாட்டு வையி.”

“இன்னா பேப்பரு?”

“உனுக்காகத்தான்.”

கையெழுத்து போடத் தெரிந்த கை தொட்டிலில் இருந்தது. படித்துப் பார்க்கலாம் என்றால் மூக்குக்கண்ணாடி, பீரோவின் மேலே இருந்தது. எழுந்து நடக்க முடியாத மனிதன் எப்படி எடுப்பான்? இடது கட்டைவிரலை நீட்டினான். மை தடவி ஒற்றி எடுத்தவள், விரலைத் துடைத்தும்விட்டாள்.

பதினெட்டாம் நாள், அதாவது இன்று, அவனைப் புரட்டிப் போட்ட கையோடு அந்த வீடியோவைச் செய்முறைத் தேர்வுக்காக ஜெர்மன் பயிற்சி மையத்துக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் ரமாபாய் டீச்சர் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று இருந்தது.

“பாஸ் குணா! மத்தவங்க எல்லாம் தலகாணிய புரட்டி வீடியோ அனுப்பிருக்காங்க. உனக்கு எங்கேர்ந்து கெடச்சாரு இந்த ஆளு? நோயாளியா எவ்ளோ தத்ரூபமா நடிக்கிறாரு!”

“எங்க வூட்டுக்காரு மேடம்.”

“அவருக்கும் நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லு.”

போன் அணைந்தது. பொன்னுரங்கம் எழுந்து உட்கார்ந்தான். கயிற்றைப் பிடிக்க மறந்துவிட்டான்.

“அப்ப என்ன வச்சே பாஸ் பண்ணிட்ட.”

“ஆமா மாமா.”

“நோயாளிய இப்டியே வுட்டுட்டு பிளேன் ஏறிடுவ.”

“நோயாளி நாளான்னிக்கு காலைல ஒம்பது மணிக்கு எழுந்து நடப்பான். உனுக்குப் பரீட்சை கீது.”

அன்றைக்குக் கைநாட்டு வாங்கிய பரீட்சை விண்ணப்பத்தை அவன் மடியில் போட்டாள். அவன் போட்டோ, அவன் பெயர், அவன் கட்டைவிரல். அவள் கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தாள்.

“புருசன் கூட வரணும்னா கொஞ்சமாவது பாஷை தெரிஞ்சிருக்கணும்னு ஏஜென்சில சொல்லிட்டாங்க. பேரு, ஊரு, வயசு, வேலை சொல்லணும். தண்ணி கேக்கணும். சாப்பாடு கேக்கணும். எல்லாந்தான் சொல்றியே.”

பொன்னுரங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஃபேமிலி அப்புறம்னு அந்தாளு சொன்னான். நீயும் சரி சார்ன்ன.”

“அப்புறம்னா நீ பாஸ் பண்ணப்புறம். உன்ன கூட இட்டாரக் கூடாதுன்னு சொன்ன ரெண்டு எடத்த வேணாம்னு வுட்டுட்டுத்தான் இத புடிச்சிருக்கேன். காதுல பாதி வாங்கிகினு ஏணிக்குப் போயிட்ட.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாமில்ல?”

“சொன்னா? பஹ்ரைனுக்குப் போயி, கடல் நம்மூரு கடல் மாதிரி இல்லேன்னு மூணாம் மாசம் ஓடியாந்தவன் நீ. வகுப்புக்கு வான்னா வருவியா? நீயா வந்து படுத்த. சாமியா பாத்து அனுப்பிச்ச மாணவன்னு வுட்டுட்டேன்.”

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

“கை வராதே. எதால எழுதுறது?”

“கொசுவலைய தெச்சுதே ஒரு எலி, அதால எழுது.”

மணலி ஆலைகள் பக்கமிருந்து எண்ணெய் நாற்றத்தோடு காற்று வந்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்றான், மெதுவாக.

“வுழுந்த அன்னிக்கே. பதினாறு வருசமா உன் சட்டைய தொவைக்கிறேன் மாமா. காசிமேட்டுல நின்னுகினு வரவன் சட்டையிலயே டீசல் கறை கீது. நீ வுழுந்து வந்த, வெள்ளையா கீது.”

துண்டை விரித்தது தப்பு என்று பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கினாள். பஹ்ரைனுக்குப் போய்வந்த சூட்கேஸ். பூட்டு எப்போதோ உடைந்துவிட்டது. அவன் பாஸ்போர்ட்டை உள்ளே போட்டாள். இரண்டு சட்டைகளையும் ஒரு ஸ்வெட்டரையும் வைத்தாள். ஸ்வெட்டர் புதிது. கட்டில் காலிலிருந்து நைலான் கயிற்றை அவிழ்த்து, பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டு, கஞ்சி அடிப்பிடிக்கிறது என்று சமையற்கட்டுக்குப் போனாள்.

பொன்னுரங்கம் கயிற்றைப் பார்த்தான்.

“நான் ஒண்ணும் வரமாட்டேன்!” என்று உள்ளே கேட்கும்படி கத்தினான். “அந்தக் குளுருல எவன் இருப்பான்? மீனு கெடைக்குமா அங்க? கடல் கீதா? நீ வேணா போ. நான் சொன்னா சொன்னதுதான். சௌக்கத்த கேட்டுப் பாரு, எம் பேச்சு எப்டிப்பட்ட பேச்சுன்னு!”

“சரி மாமா” என்று குரல் வந்தது.

“அதான் சொல்லிட்டேனே!”

கழுத்திலிருந்து துணித் தொட்டிலைக் கழற்றினான். கட்டிலை விட்டு இறங்கி, சூட்கேஸுக்கு முன்னால் குந்தினான். அவள் போட்ட முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்துப் பிடித்து, வலது கையால் சரியான முடிச்சு ஒன்றைப் போட்டான்.