நாற்பத்திரண்டு லவங்கம்

கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி வருகிறது என்று ஒரு தவறான நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. பாதிரியார்களே இதை நம்புகிறார்கள். உண்மையில், மேசைக்கு ஹாம், அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடை, வரும் நாள்தான் கிறிஸ்துமஸ். அப்படிப் பார்த்தால், ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் எரிக்கின் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வந்து மூன்று வருடமாகிறது.

ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். மனைவி லவினா ஹாமையே நிறுத்திவிட்டாள். மூன்று பண்டிகைக்கும் சுரைக்காய்க் கூட்டும் தோலுரித்த கோழியும். எரிக் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். கண் மட்டும் மேசையின் நடுவே, ஹாம் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் கிடந்தது. வெல்லமும் அன்னாசிச் சாறும் சேர்ந்து பளபளக்கும் அந்த மேல்பரப்பு. கத்தி இறங்கும்போது விரியும் அந்த ரோஜா நிறம். ஜெபத்தின் நடுவே அவர் விட்ட பெருமூச்சைப் பக்தி என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இந்த வருடம் துணிந்துவிட்டார். கோல்ட் ஸ்டோரேஜ் இறைச்சிக் கடையில் இரண்டு கிலோ ஹாம் வாங்கி, அடுத்த வீட்டு டோரீனின் ஃபிரிட்ஜில் பதுக்கினார்.

"லவினாவுக்குத் தெரியக் கூடாது, டோரீன். கோயில் முடிஞ்சு வந்து ரெண்டே துண்டு. மிச்சமெல்லாம் உனக்கு."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன், எரிக் அண்ணா?"

பெரிய ஓவன் இல்லாத வீட்டுக்காரர்கள் கேக்கையும் இறைச்சியையும் தட்டில் வைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, மூலை பேக்கரியின் விறகடுப்புக்கு அனுப்புவார்கள். எரிக் டோரீனின் பெயரை ஒட்டினார். அதற்கு முன் கொழுப்பைக் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு லவங்கம் குத்தினார். நாற்பத்திரண்டு லவங்கம். எல்லாம் லவினாவின் டப்பாவிலிருந்து வந்தவை.

அன்று சாயங்காலமே விசாரணை.

"என்னங்க, கேக்குக்கு வெச்சிருந்த லவங்கம் எங்க?"

"பல்வலி, லவி. வாயில அடக்கிக்கிட்டேன்."

"டப்பா முழுக்கவா?"

"பயங்கர வலி."

"எந்தப் பல்லு?"

"குறிப்பா சொல்ல முடியல. பொதுவா வலிக்குது."

லவினா அவர் கன்னத்தைப் பரிவோடு தடவினாள். "பாவம். முன்னாடியே சொல்லக் கூடாதா?"

எரிக் தன் சமயோசிதத்தைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனார்.

பண்டிகையன்று கோயில் முடிந்ததும் டோரீன் வீட்டுக்கு விரைந்தார். கதவு பூட்டியிருந்தது. தன் வீட்டுக்குத் திரும்பினால், மேசை நடுவே, மூன்று வருடக் காலியிடத்தில், தேன் நிறத்தில் மின்னிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் டோரீன்.

"வேற யார்கிட்டயும் சொல்லல. லவினா அக்கா என்ன வெளியாளா, அண்ணா?" என்றாள், தட்டைப் பார்த்தபடி.

எரிக்குக்குக் கோபம் வரவில்லை. கண் கலங்கியது. தன் தட்டை நீட்டினார்.

"ஐயோ, உங்களுக்கு எப்படிங்க? கடிச்சு மெல்லணுமே," என்று லவினா உப்பில்லாத ரவைக் கஞ்சியை அவர் முன் வைத்தாள்.

"வலி போயிடுச்சு, லவி."

"ஒரு டப்பா லவங்கத்துக்கு நிக்காத வலி, தானா போகுமா? டோரீன், இன்னொரு துண்டு போட்டுக்க."

டோரீன் போட்டுக்கொண்டாள். எரிக் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் லவினா மனமிரங்கி, ஹாமிலிருந்து ஒரு லவங்கத்தைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை வாயில அடக்கிக்கோங்க. வலிக்கு நல்லது."

அதில் துளி வெல்லப் பாகு ஒட்டியிருந்தது. மயிரிழையளவு கொழுப்பும் இருந்தது. எரிக் கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சி ஆறி ஏடு கட்டும்வரை திறக்கவில்லை.

இருபத்தேழாம் தேதி காலை லவினா அவரைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டார். லவினா பக்கத்திலேயே நின்றாள். எரிக் ஒன்றைக் காட்டினார்.