அடுத்த ஊர்க் கல்யாணம்

"கல்யாணம் ஆனவங்களா?" என்று கேட்டார் சிஸ்டர் ஒத்தீலியா, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல் பாவிய தெருவில் எவேலியோவும் யனெத்தும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு நின்றார்கள். சான் லாசரோவில் திருவிழா; மற்ற விடுதிகளில் வாடகையைக் கேட்டதுமே எவேலியோவுக்குக் காதடைத்துவிட்டது. கன்னியர் மடத்து விடுதிதான் ஊரிலேயே மலிவு. அதைத் தேடிப் பிடித்தது யனெத்.

"பத்து வருஷம் ஆச்சு சிஸ்டர்!" என்றான் எவேலியோ, கண்ணிமைக்காமல்.

சிஸ்டர் யனெத்தைப் பார்த்தார். யனெத் தன் நனைந்த ஷூவைப் பார்த்தாள்.

உண்மையில் இருவரும் கல்யாணம் ஆகாமலே ஒரே வீட்டில் வாழத் தொடங்கி ஒன்பது வருஷம்தான். வருஷா வருஷம் ஜூன் மாதம், ஸ்பானியர் கட்டிவிட்டுப் போன பழைய ஊர்களாகப் பார்த்து பஸ்ஸிலேயே சுற்றுவார்கள். எந்த ஊரானாலும் சதுக்கத்தில் ஒரு வெள்ளைக் கோயில் இருக்கும். யனெத் அதன் வாசலில் நின்று, "இங்க பண்ணிக்கலாமா?" என்பாள். "அடுத்த ஊர்ல" என்பான் அவன். கொலம்பியாவில் ஊருக்கா பஞ்சம்? இருபத்திரண்டு ஊர் முடிந்திருந்தது.

"கையில மோதிரத்தைக் காணோமே?" என்றார் சிஸ்டர்.

"பஸ்ல அடிச்சுட்டாங்க சிஸ்டர். அசந்து தூங்கிட்டோம்."

"விரல்ல இருந்ததையா?"

"கை தேர்ந்தவன் சிஸ்டர்."

சிஸ்டர் உள்ளே போய், அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் இருந்த பெட்டியோடு வந்தார். வேண்டுதல் பலித்தவர்கள் காணிக்கை போட்ட மோதிரங்கள். "போகும்போது திருப்பிக் கொடுங்க, போதும்." யனெத்துக்கு ஒன்று அளவெடுத்தது போலப் பொருந்தியது. எவேலியோவினுடையது விரல் முட்டியைத் தாண்டி இறங்கிவிட்டுத் திரும்பி வர மறுத்தது.

அறையில் சோப்புப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தவனிடம், "உண்மையைச் சொல்லிடேன்" என்றாள் யனெத்.

"பைத்தியமா உனக்கு? வெளிய தள்ளிடுவாங்க."

"தள்ளினா நேரா கோயிலுக்குப் போவோம்."

"இந்த மழையிலயா? அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்."

சாயங்காலம் சுடச்சுட வெல்லத் தண்ணீரும் பாலாடைக்கட்டியும் வந்தன. கூடவே அடுத்த கேள்வியும். "உங்க கல்யாணத்தை எந்த ஃபாதர் பண்ணி வச்சார்?"

எவேலியோ சுவரைப் பார்த்தான். நரைத்த தாடியோடு ஒரு பாதிரியார் படம், கீழே பெயர். படமாகிவிட்டவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

"ஃபாதர் அன்செல்மோ. தங்கமான மனுஷன். ஆத்மா சாந்தி அடையட்டும்."

"ஐயோ, மாடியிலதான் இருக்கார்! கூட்டிட்டு வரேன்."

தொண்ணூறு வயது ஃபாதர் சக்கர நாற்காலியில் வந்தார். எவேலியோவுக்கு வெல்லத் தண்ணீர் புரையேறியது. ஃபாதர் இருவரையும் உற்றுப் பார்த்துவிட்டு, "மறக்க முடியுமா?" என்றார். "இந்தப் பொண்ணு அழுத அழுகை! மாப்பிள்ளை லேட்டா வந்தான்."

"ரொம்ப லேட், ஃபாதர்" என்றாள் யனெத். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

"பத்து வருஷமா? நாளைக்குத் திருவிழாப் பூசையில எல்லார் முன்னாலயும் கல்யாண வாக்குறுதியைப் புதுப்பிச்சுடுவோம். முடிஞ்சதும் கோழி சூப்பு."

எவேலியோவின் காதில் சூப்பு மட்டும் விழுந்தது. தலையை ஆட்டிவிட்டான்.

காலையில் யனெத் பையின் அடியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றி அவனுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தாள். கசங்காமல் இஸ்திரி போட்டது. சுமை குறைய வேண்டுமென்று பல்துலக்கியின் காம்பையே பாதியாக வெட்டியவன் எவேலியோ; அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இதை எதுக்குச் சுமந்துட்டு வந்த?"

"எல்லா ஊருக்கும்தான் சுமக்கிறேன். நீ இன்னிக்குத்தான் பாக்கற."

கோயிலில் ஊரே இருந்தது. "எவேலியோ, இந்தப் பெண்ணை உன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார் ஃபாதர். எவேலியோ சுற்றிலும் பார்த்தான். பாதிரியார், பலிபீடம், சாட்சிக்கு நானூறு பேர், கழற்ற முடியாத மோதிரம். இது நிஜக் கல்யாணமேதான் என்று அவனுக்கு உறைத்தது.

"ஃபாதர், எங்களுக்குக் கல்யாணமே ஆகல! ரூமுக்காகப் பொய் சொன்னேன்!"

"என்னப்பா?" என்று ஃபாதர் காதருகே கையைக் குவித்தார். கத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை சதுக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

கிழவர் கோபப்படவில்லை. "அதனால என்ன? ஆசை இருந்தா, முறைப்படி பதிவேட்டுல எழுதி, இங்கயே பண்ணி வச்சிடறேன். என்ன சொல்ற?"

யனெத் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது வந்து ஃபாதர்... அடுத்த..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி சிஸ்டர் கையில் வைத்துவிட்டு நடந்தாள். எவேலியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு மடத்துக்கு ஓடி வந்தபோது அறையில் ஒரு பைதான் இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ் போய்விட்டிருந்தது. கட்டில்மேல் வெள்ளைச் சட்டை கிடந்தது. இனிமேல் சுமக்க வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

வீங்கிய விரலில் எண்ணெய் தடவ வந்த சிஸ்டர் மேல் எரிந்து விழுந்தான் எவேலியோ. "எல்லாம் உங்களாலதான்! கல்யாணம் ஆச்சான்னு நீங்க கேக்காம இருந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா?"

சிஸ்டர் ஒத்தீலியா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இங்க யாரையும் நாங்க அப்படிக் கேக்கறதே இல்ல சார். உங்களை மட்டும் கேக்கச் சொல்லி, உங்ககூட வந்தவங்கதான் போன வாரம் போன் பண்ணாங்க."