கதம்ப டப்பாவும் ஒரு சொல்தோண்டியும்

சொல்தோண்டி என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருக்கும், பல் தேய்க்கும், ஒரு பெண்ணின் தலையெழுத்தோடு விளையாடிக் கல்யாணமும் செய்துகொள்ளும். நீங்கள் அதன் எதிரில் ஏதாவது ஒரு சொல்லைத் தவறவிட வேண்டும், அவ்வளவுதான். உடனே கண் பாதி மூடும், ஆள்காட்டி விரல் மூக்குக்கு நேராக எழும், தொண்டை ஒருமுறை செருமும்.

"அது சரி, அந்தச் சொல் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியாது என்றால் சொல்வார். தெரியும் என்றால், நீங்கள் தெரிந்துவைத்திருப்பது தப்பு என்று சொல்லிவிட்டுச் சொல்வார்.

பல் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "மரத்துப் போச்சா?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுக் கிடக்க வேண்டியதுதானே? மாட்டார். உதடு ஒரு பக்கம் கோணிக் கிடக்க, எச்சில் மோவாயில் வழிய, மரத்துக்கும் மரத்துப் போவதற்கும் என்ன உறவு என்று ஆரம்பிப்பார். துக்க வீட்டில் இறந்தவரின் மகன் தோளில் சாய்ந்து அழுதால், தட்டிக்கொடுத்துக்கொண்டே, "துக்கம்ங்கிறது பாருங்க தம்பி..." என்பார். தம்பி அழுகையை நிறுத்திவிடுவான். ஆறுதலால் அல்ல.

எங்கள் எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி. அவர் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. ஊக்கு, சட்டைப் பொத்தான், செத்த பேட்டரி, எந்தப் பூட்டும் சொந்தம் கொண்டாடாத சாவிகள் எல்லாம் அதில்தான். அந்த வீட்டில் அதற்குக் கதம்ப டப்பா என்று பேர்.

ஒருநாள் அவருடைய மாமியார் ஊருக்குக் கிளம்பியிருந்தார். சும்மா கிளம்பவில்லை. எத்தனையோ வருஷம் முகம் பார்க்காமல், பேர் சொல்லாமல் இருந்த அக்கா, "உடம்பு முடியல, இந்த ரயில்லயே வந்துடு. வரலைன்னா எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று போனில் அழுதிருந்தாள். பெட்டி வாசலில். டாக்ஸி தெருவில். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போனவர் கதவைத் திறக்கத் திருகியபோது, கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

விதியைப் பார்த்தீர்களா? இரண்டு சகோதரிகளின் கண்ணீருக்கு நடுவே ஒரு கைப்பிடி.

கதவு தட்டும் சத்தம் கேட்டு நானும் ஓடினேன்.

"என்னங்க, அந்தக் கதம்ப டப்பாவை எடுங்க. பாத்ரூம் சாவி அதுலதான் கிடக்கு" என்றாள் அவர் மனைவி.

எடுத்தார். மூடியில் கை வைத்தார். கண் பாதி மூடியது. ஆள்காட்டி விரல் எழுந்தது.

"கதம்பம்னு சொன்னியே, அது..."

"எங்கம்மா உள்ள இருக்காங்க."

"இருக்கட்டும், ஒரு நிமிஷம். கடம்ப மரம் இருக்கு பாரு, அதோட பூ பந்து மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு பூ இல்ல, அத்தனையும் குட்டிக் குட்டிப் பூ. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் கதம்பம்னு..."

தெருவில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அந்தப் பெண் டப்பாவைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். மண்டியிட்டு, கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"மாப்பிள்ளை, அது அப்படி இல்ல."

எங்கள் மூவருக்கும் மூச்சு நின்றது. இருவருக்குப் பயத்தால், ஒருவருக்கு ஆனந்தத்தால்.

"பழைய பாட்டுல கலம்பகம்னு ஒரு வகை உண்டே. கலம்னா பன்னிரண்டு, பகம்னா அதுல பாதி. ஆகப் பதினெட்டு உறுப்பு கலந்தது. அதுலேருந்து வந்ததுதான் இந்தக் கதம்பம்."

"தலைகீழாச் சொல்றீங்க அத்தை. கதம்பகம்தான் திரிஞ்சு கலம்பகம் ஆச்சு."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அதான் கேட்டேன், யார் சொன்னான்னு."

சாவி சேர்ந்தது. கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தாரா? கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கழன்ற கைப்பிடியைப் பிரம்புபோல நீட்டி, "இருடி, இவருக்குப் பதில் சொல்லிட்டு வரேன்" என்றார். டாக்ஸி டிரைவர் உள்ளே வந்து பார்த்தார். பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். படித்த மனிதரோ இல்லையோ, பிழைக்கத் தெரிந்த மனிதர்.

ரயில் போய்விட்டது. சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அத்தையின் மகள்தான் எடுத்தாள்.

"பெரியம்மா, அம்மா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க. கதவு திறந்தாச்சு, ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவளால் எதைச் சொல்ல முடியும்? மறுமுனையில் ஒரு விசும்பல். பிறகு, "அவ வரமாட்டான்னு தெரியும்" என்ற குரல். பிறகு போனை வைக்கும் சத்தம். அத்தை ஊருக்குக் கட்டிய சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் இன்னும் அந்தக் கைப்பிடி. மாப்பிள்ளை பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "நீங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு அத்தை."

ஒரு தங்கையின் நெஞ்சு உடைந்த கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களோ, அந்த அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடம்பா, கலம்பகமா, இரண்டில் எது சரி என்றுதானே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

விரலைக் கீழே இறக்குங்கள். உங்கள் வீட்டுக் குளியலறைக் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.