வயிற்றுவலிக்காரன் குளத்தில் மிதந்த ஞாயிறு

கன்னியாகுமரி மாவட்டம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் போதும், கேட்காமலேயே நமக்கு நீச்சல் தெரியும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். "கடல்லயே விளையாடி வளர்ந்திருப்பீங்களே" என்பார்கள். நானும் இதுவரை யாரிடமும் மறுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம் முழங்காலோடு சரி. அதற்கு மேல் நனைந்தால் அது அலையின் அத்துமீறல்.

இந்தப் பெருமையை வெளியூர்க்காரர்களோடு நிறுத்தியிருந்தால் தொல்லை இல்லை. கல்யாணமான புதிதில் கட்டிய மனைவியிடமும் அவிழ்த்துவிட்டேன். கிளாடிஸ் ஆரல்வாய்மொழிக்காரி. காற்றில் பிறந்து காற்றாலைகளுக்கு நடுவே வளர்ந்தவள். அவளைத் திற்பரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அருவிக்கு மேலே ஆறு அகலமாக இழுத்துக்கொண்டு வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என்ன பேசுவதென்று தெரியாமல், "இத நான் நீந்திக் கடந்திருக்கேன்" என்றேன். "இந்த ஒழுக்குலயா?" என்று அவள் கண் விரித்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் பொய் தானாக வளர்ந்தது. "மழைக்காலத்துல" என்றேன்.

இருபத்து நான்கு வருடம் அந்தப் பொய் சௌகரியமாக வாழ்ந்தது. நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவனை நீந்திக் காட்டச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்? (கோப்புகளே அங்கே அசையாமல்தான் கிடக்கும்.)

கேட்க வைத்தவன் கிளாடிஸின் தம்பி ஜெபின். மாலத்தீவில் சத்தமில்லாத ஒரு குட்டித் தீவில், ஓட்டல் ஒன்றில் வேலை. விருந்தினர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டுவதுதான் அவன் உத்தியோகம். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அங்கே வரச்சொல்லி வீடியோவில் கூப்பிட்டான். கூப்பிட்டவன் சும்மா இராமல், தண்ணீருக்கடியில் எடுத்த படத்தையும் போட்டுக் காட்டினான். மஞ்சளும் நீலமுமாக மீன்கள், நடுவே அவசரமே இல்லாமல் ஒரு ஆமை.

கிளாடிஸ் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மீனைச் சட்டியில் போடவும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தன வருசமா மீன சட்டியிலதான் பாத்திருக்கேன். ஒருக்கா உயிரோட பாக்கணும், ஜெபினே."

நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றான் ஜெபின். அதற்கு அவள் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஒங் கைய எதுக்கு நான் பிடிக்கேன்? அத்தான் கையப் பிடிச்சுக்கிட்டா போராதா? மழைக்காலத்துல ஆறு கடந்த மனுசன்லா."

கணக்கு எளிதானது. கடலில் அவள் என் கையைப் பிடிப்பாள். நான் யார் கையைப் பிடிப்பது? பயந்து உதறினால் அவளையும் சேர்த்து இழுத்துவிடுவேன். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் இருபத்து நான்கு வருடமாக ஒருத்தி நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே வீரச் செயலை நாமே எப்படி அழிப்பது? பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இரகசியமாகப் பழகிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். நான் எடுத்த முடிவுகளில் மோசமானது அதுதான் என்று கிளாடிஸ் சொல்வாள். (அவளிடம் பட்டியல் இருக்கிறது.)

ஆன்லைனில் சாமான்கள் வாங்கினேன். மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி ஒன்று. வாயில் கடித்துக்கொண்டு மூச்சுவிட ஸ்நார்க்கெல் என்னும் வளைந்த குழாய் ஒன்று. ஆரஞ்சு நிறம்தான் மிச்சமிருந்தது. காலில் மாட்ட, முழநீளத்துக்கு இரண்டு கறுப்பு ரப்பர் துடுப்புகள். எல்லாவற்றையும் அலுவலகத்துக்கே வரவழைத்து, பழைய கோப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அங்கே யாரும் கை விடுவதில்லை.

முதல் பயிற்சி குளியலறை வாளியில். முகத்தை முக்கியதும் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது. மீசை காரணம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். மீசையை எடுத்தால் கிளாடிஸ் காரணம் கேட்பாள். ஆகவே தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி மீசையைப் படியவைத்தேன். தண்ணீர் வரத்து குறைந்தது. பதிலுக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டு நெற்றிக்கு ஏறியது. வெளியிலிருந்து, "உள்ள என்ன செய்யுதிய?" என்று குரல் வந்தது. முகம் கழுவுவதாகச் சொன்னேன். "அரை மணிக்கூரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வாளியில் முகம் மிதக்கும், உடம்பு மிதக்காது. அதற்குக் குளம் வேண்டும். எங்கள் ஊர்க் குளத்தில் எப்போதும் ஆள் இருக்கும். ஊரே ஆராதனைக்குப் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியைத் தவிர. அந்த ஞாயிறு காலையில் எனக்கு வயிறு வலித்தது. கிளாடிஸ் ஓமத்தண்ணீர் காய்ச்சித் தலைமாட்டில் வைத்துவிட்டு, "கோயில்ல ஜெபத்துக்குப் பேரு குடுக்கேன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் குடை தெருமுனை திரும்பியதும் என் வயிறு சரியாகிவிட்டது.

குளத்தில் படித்துறைப் பக்கம் இடுப்பளவுதான் ஆழம். கண்ணாடி, குழாய், துடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு மெல்லக் குப்புறப் படுத்தேன். மூழ்கினேன். எழுந்து இருமினேன். மறுபடி படுத்தேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை, கையையும் காலையும் விரித்து, உடம்பை விறைக்காமல் அப்படியே விட்டபோது, தண்ணீர் என்னைத் தாங்கியது.

அந்த நிமிடத்தைக் கேலி செய்ய இன்றும் எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வயதில் முதன்முதலாகத் தண்ணீர் என்னை ஏந்திக்கொண்டது. காது தண்ணீருக்குள் இருந்ததால் என் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. தாமரைத் தண்டுகளுக்கு நடுவே கெண்டைக் குஞ்சுகள் வந்து என் விரலைக் கொத்திப் பார்த்தன. ஒரு பழைய சோப்பு உறைகூட அழகாகத் தெரிந்தது. அசைந்தால் இந்தச் சந்தோஷம் கலைந்துவிடுமோ என்று, கொஞ்சமும் அசையாமல் கிடந்தேன்.

கரையில் நடந்ததெல்லாம் பிறகு ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். (அவர்கள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.) சாயாக்கடை செல்லப்பன் அண்ணன் எருமையைக் குளிப்பாட்ட வந்திருக்கிறார். அய்யாவழிக்காரர், எங்கள் கோயிலுக்குள் அதுவரை காலெடுத்து வைத்ததே கிடையாது. அன்றைக்கு எருமையை விட்டுவிட்டு, தலையில் கட்டிய துண்டோடு நேரே உள்ளே ஓடியிருக்கிறார். போதகர் அப்போது நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், என் வயிற்றுக்காக.

"குளத்துல ஒரு ஆளு செத்து மெதக்கான். காலு ரெண்டும் ஊதிக் கறுத்துப் போச்சு. மண்டையில செவப்பா ஒரு கம்பி குத்தி நிக்கி."

என் வயிறு பாதி ஜெபத்தில் கைவிடப்பட்டது. சபை மொத்தமும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே குளக்கரைக்கு வந்துவிட்டது. வருகிற வழியிலேயே அது கொலை என்பது உறுதியாகி, சந்தேகப்படும்படியான இரண்டு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டும் விட்டார்கள். போலீஸ் வரும்வரை தொடக்கூடாது என்று சிலர், பாவம் யார் பெற்ற பிள்ளையோ கரை சேர்த்துவிடலாம் என்று சிலர். கடைசியில் போதகர் சொன்னபடி, யாரோ மாங்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அது என் கால்சட்டையின் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

மாலத்தீவு ஆமையை நினைத்துக்கொண்டிருந்த என்னை எதுவோ பின்னாலிருந்து கவ்வி இழுத்தது. முதலை என்றே நினைத்தேன். எங்கள் குளத்தில் முதலை கிடையாது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அலறினேன். அலறல் குழாய் வழியாக வெளியே போனபோது, அது மனுஷச் சத்தமாக இல்லையாம். பாட்டுக்குழுப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தொரட்டி பிடித்தவர் தொரட்டியை விட்டுவிட்டு ஓடினார். எருமையும் ஓடியது.

நான் எழுந்து நின்றேன். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. கண்ணாடிக்குள் எண்ணெயும் தண்ணீரும் கலந்து நின்றதால் கரை மங்கலாகத்தான் தெரிந்தது. வெள்ளை வேட்டிகளும் பட்டுச் சேலைகளும் வரிசையாக, எங்கள் சபை மொத்தமும் அங்கே நின்றது. போதகர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி, இப்ப வயிறு எப்பிடி இருக்கு?"

குழாயை வாயிலிருந்து எடுத்தேன். "கொள்ளாம், சொகமாச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை. ஆராதனை அன்றைக்குத் தொடரவே இல்லை. போதகரும் சிரிப்பை அடக்க முடியாமல் குளக்கரையிலேயே ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிட்டார். சிரிக்காமல் இருந்தது ஒரே ஒருத்தி. கிளாடிஸ் படித்துறையில், ஈரத்தில், பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

துடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வாசலுக்கு வந்ததும் திரும்பினாள்.

"அந்தக் கால்சட்ட நான் எடுத்துத் தந்தது. மத்தவங்களுக்கு யாரோ. எனக்குத் தூரத்துலயே தெரிஞ்சு போச்சு. ஒரு நிமிசம், ஒங்கள அடக்கம் பண்ணிட்டேன் நான்."

அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. குளத்தில் வந்ததெல்லாம் வெட்கமே இல்லை. ஆறு கடந்தது பொய், நீந்தத் தெரியாது, உன் கையைப் பிடிக்கத்தான் பழகினேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு கடந்தவரயா நான் கெட்டினேன்? ஒங்களத்தானே கெட்டினேன். இன்னா, அந்த மீசையக் கழுவுங்க. எண்ணெ வடியுது."

தீவுக்குப் போனோம். ஜெபின் எங்கள் இருவருக்குமே மிதவைச் சட்டை மாட்டினான், எதுவும் கேட்கவில்லை. (கேட்க அவசியமில்லை. நான் தொரட்டியில் தொங்கும் படம் எனக்கு முன்பே மாலத்தீவு போய்ச் சேர்ந்திருந்தது.) கண்ணாடி மாதிரி தண்ணீர். கிளாடிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் குப்புறப் படுத்தோம். கீழே மஞ்சள் மீன்கள் வந்தன. நான் பரவசத்தில் அசையாமல் கிடந்தேன்.

உடனே என் கையில் ஒரு கிள்ளு விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால், அவள் குழாயைக் கழற்றிவிட்டுக் கேட்கிறாள்.

"இருக்கியளா?"

"இருக்கேன்."

மறுபடி படுத்தோம். நூறு எண்ணுவதற்குள் அடுத்த கிள்ளு. "இருக்கியளா?" அன்று காலை முழுவதும் இதுதான் நடந்தது. கடைசியில் ஆமை வந்தது. கிளாடிஸுக்கு நேர் கீழே, தொட்டுவிடும் தூரத்தில் போனதாம். ஜெபினும் பார்த்தான். நான் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒரு கிள்ளு விழுந்திருந்தது; அவள் ஒரு வழியாகத் தலையை உள்ளே விட்டுவிட்டாள், நான் மட்டும் மேலே, யாருமில்லாத கடலைப் பார்த்து "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாகிறது. ஒரு ஞாயிறு நான் கோயிலுக்குப் போகாவிட்டால், விசாரிக்க வருகிறவர்கள் முதலில் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். பெங்களூரில் படிக்கும் மகள் போன் செய்தால் "அப்பா, வயிறு எப்பிடி?" என்றுதான் தொடங்குகிறாள். செல்லப்பன் அண்ணன் என் சாயாவை வைக்கும்போது, என் காலை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால், அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. "இருக்கியளா?" பதில் சொல்லும்வரை மீன் கழுவும் சத்தம் நின்றுவிடுகிறது. "இருக்கேன்" என்கிறேன். மறுபடி தண்ணீர் விழத் தொடங்குகிறது.